லாண்டரிக்காரர் பாயிண்ட் வாங்கப் போன கதை

நான்காம் வகுப்பில் வாத்தியார் ஒருநாள் ஒரு பையனிடம், "உனக்கெல்லாம் படிப்பு ஏறாதுடா" என்றார். பெரியவர்கள் சொல்லைத் தட்டக் கூடாது என்று அவன் மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டான். அந்த வாத்தியாருடைய மகன் இன்று ஒரு ஓட்டல் நடத்துகிறார். அந்த ஓட்டலின் அழுக்குத் துணி முழுவதும் அந்தப் படிப்பு ஏறாத பையனின் லாண்டரிக்குத்தான் வருகிறது. துணி போகிற வண்டி ஒரு நாள் தாமதித்தால், பட்டம் வாங்கிய முதலாளி வாசலில் நின்று கையைப் பிசைகிறார். இதற்குத்தான் கல்வி அவசியம் என்பது.

ஊரில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லாண்டரிக்காரர் என்றால் போதும். ஒற்றை இஸ்திரிப் பெட்டியில் தொடங்கியவர். யாரிடமும் கைநீட்டாமல், யார் காலிலும் விழாமல், அறுபது கிலோ துவைக்கிற இயந்திரம் மூன்றும், பிழிகிற இயந்திரம் ஒன்றும், நீராவியில் சுழலும் இஸ்திரி உருளை ஒன்றும் போட்டுவிட்டார். பதினான்கு பேர் அவரிடம் வேலை பார்க்கிறார்கள். ஒன்பது ஓட்டல், நான்கு லாட்ஜ், ஒரு பிரசவ ஆஸ்பத்திரி அவர் கையில் இருக்கின்றன.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சாதி இல்லை அவர். வெளுப்பதே அவர் தொழில். உள்ளே என்ன கறை இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். ஒரு படுக்கை விரிப்பைக் கையில் எடுத்தால் படுத்தவர் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். வலது பக்கம் மட்டும் கசங்கியிருந்தால் தனியாக வந்த விற்பனைக்காரன். நடுவில் பழச்சாறு வட்டமும் ஓரத்தில் பேனாக் கிறுக்கலும் இருந்தால் பிள்ளை குட்டியோடு வந்த குடும்பம். இரண்டு பேர் அறையில் ஒரு பாதி கசங்கவே இல்லையென்றால் புருஷன் பெண்டாட்டி சண்டை. ஒருவர் நாற்காலியில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார். மனித மனத்தைப் பற்றித் தடித்தடியாகப் புத்தகம் எழுதுகிறவர்கள் ஒரு வாரம் அவரிடம் வந்து துணி பிரித்தால் பாதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

இவ்வளவு தெரிந்தவருக்கு ஒன்று மட்டும் தெரியாது. லீவு என்றால் என்ன என்று.

உலகம் லீவு எடுக்கிற நாளில்தான் லாண்டரிக்கு உயிர் போகிற வேலை. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டால் ஓட்டல்கள் நிரம்பும். ஓட்டல்கள் நிரம்பினால் இயந்திரங்கள் சூடு ஆறாது. முப்பத்தொரு வருஷத்தில் அவரும் அவர் மனைவியும் ஒரு ராத்திரிகூட வேறு ஊரில் தங்கியதில்லை. அந்த அம்மாவும் சும்மா இருந்தவர் இல்லை. துணி மடிக்கிற மேஜைக்கு அவர்தான் ராணி.

"ஊரெல்லாம் சுத்திட்டுப் படுத்து எழுந்திரிக்குது. அந்தத் துணியை மடிச்சு மடிச்சே எனக்கு எல்லா ஊரும் பார்த்த மாதிரி ஆயிடுச்சு" என்பார்.

இதற்கெல்லாம் கலங்குகிறவரா லாண்டரிக்காரர்? இல்லை. அவரைக் கலக்கியது ஒரு காகிதம்.

ஒரே மகள். பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். பேத்திக்கு ஒன்பது வயது, பேரனுக்கு ஆறு. வருஷா வருஷம் நீண்ட லீவு விட்டால் அந்தப் பிள்ளைகளைச் சம்பந்திதான் ஏதாவது ஒரு ஊருக்கு, நீச்சல் குளம் உள்ள விடுதிக்கு அழைத்துப் போவார். சம்பந்தி பெரிய உத்தியோகஸ்தர். முப்பத்தைந்து வருஷம் ஒரே அலுவலகத்தில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து, கடைசி நாளில் அந்த நாற்காலியையே பிரிவுப் பரிசாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர். உழைப்பு என்றால் அதுவல்லவா உழைப்பு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரன் தான் வரைந்த படத்தைக் கொண்டு வந்து காட்டினான். தலைப்பு, 'எங்கள் குடும்பம்'. நீலமாக ஒரு குளம். குளத்துக்குள் அப்பா, அம்மா, அக்கா, அவன். நடுவில் மூக்குக் கண்ணாடியோடு சம்பந்தி. கரையில் ஒரு சதுர வண்டி.

"நான் எங்கடா?" என்று கேட்டார் லாண்டரிக்காரர்.

"வண்டிக்குள்ள இருக்கீங்க தாத்தா."

"தலை தெரியலையே?"

"துணி மூட்டை மறைக்குது."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் நான்கையும் பையன் நன்றாகத்தான் வரைந்திருந்தான்.

அடுத்த வாரமே சம்பந்தி வந்து சேர்ந்தார். மூக்கில் வேர்த்த மாதிரி வந்து நிற்கிறவர் அவர்.

"சம்பந்தி, நீங்களும் என்னை மாதிரி பாயிண்ட் வாங்கிப் போட்டுடுங்க" என்றார்.

"பாயிண்ட்னா என்ன சம்பந்தி, கிலோவா, மீட்டரா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. ஒரு கம்பெனி. ஒரே தடவை பணம் கட்டினா வருஷா வருஷம் உங்க கணக்குல பாயிண்ட் போடுவான். அந்தப் பாயிண்ட்டைக் குடுத்து அவங்க விடுதி எந்த ஊர்ல இருந்தாலும் குடும்பத்தோட போய்த் தங்கலாம். இருபத்தஞ்சு வருஷத்துக்கு!"

"எனக்கு இப்பவே அறுபத்தி மூணு."

"உங்களுக்கு அப்புறம் பேரப் பிள்ளைங்க போகும்."

மடித்துக்கொண்டிருந்த விரிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மனைவி சொன்னார்: "வாங்கிப் போடுங்க. உயிரோட இருக்கறப்பத்தான் எங்கேயும் போகல. செத்த பிறகாவது நாலு ஊர் பார்த்துட்டு வாங்க."

சம்பந்தி அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமைக்கே அவர்களுக்கு அழைப்பு வந்துவிட்டது.

ஒன்றரை மணி நேரம் விளக்கம், முடிவில் ஒரு பயணப் பை இலவசம் என்று அழைப்பில் இருந்தது. விளக்கம் மூன்றரை மணி நேரம் நடந்தது. இலவசம் என்பதற்கு அவ்வளவு நேரமாவது ஆக வேண்டாமா? வழுவழுத் தரை போட்ட கூடத்தில் வட்ட வட்ட மேஜைகள். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு குடும்பம், ஒரு விற்பனைப் பிள்ளை. யாராவது கையெழுத்துப் போட்டால் மணி அடித்து எல்லாரும் கைதட்டினார்கள். மாட்டிக்கொண்டவனுக்குக் கைதட்டுவதை லாண்டரிக்காரர் அங்கேதான் முதலில் பார்த்தார்.

அவர்கள் மேஜைக்கு வந்த பெண் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே அவரை "அப்பா" என்றாள். பெற்ற மகள்கூட அவ்வளவு பாசமாகக் கூப்பிட்டதில்லை.

"அப்பா, வருஷத்துக்கு உங்களுக்கு நானூறு பாயிண்ட். நீலச் சீசன்ல ஒரு வாரம் தங்க இருநூறு போதும். சிவப்புச் சீசன்ல அறுநூறு."

"சிவப்புன்னா எப்பம்மா?"

"ஸ்கூல் லீவு டைம்ப்பா."

"என்கிட்ட இருக்கப் போறது நானூறு. லீவுக்கு வேண்டியது அறுநூறு. பிள்ளைங்க லீவுலதானே வரும்?"

"ரெண்டு வருஷப் பாயிண்ட்டைச் சேர்த்து வச்சுக்கலாம்பா."

"அப்போ ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நான் தாத்தாவா இருந்துக்கலாம்."

அவள் அழகாகச் சிரித்தாள். பராமரிப்புக் கட்டணம் என்று வருஷா வருஷம் தனியாக ஒன்று உண்டு என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். யானையை வாங்கினவன் அங்குசத்துக்கும் சேர்த்து அழ வேண்டும் என்று ஏற்பாடு.

"அது ஏறுமாம்மா?"

"கொஞ்சம் ஏறும்பா."

"இறங்குமா?"

அதற்கும் சிரிப்புத்தான் பதில். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடும்பத்தோட இருக்கிற சந்தோஷத்துக்கு விலை வைக்க முடியுமாப்பா?" என்றாள்.

"நீங்கதானே வச்சிருக்கீங்க. இந்தத் தாள்ல அச்சடிச்சிருக்கே."

அந்த விலைக்கு அறுபது கிலோ இயந்திரம் இன்னொன்று வாங்கிப் போடலாம். அது அவருக்கு உள்ளங்கைக் கோடு போலத் தெரிந்தது. இவ்வளவு விவரமாகப் பேசினவர் எழுந்து வந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பேனாவை வாங்கிவிட்டார். திரையில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் குளத்தில் நிற்க, ஒரு பையன் அவர் தோளிலிருந்து தொபுக்கென்று குதித்தான். லாண்டரிக்காரருக்குச் சதுர வண்டி ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடினார்.

அவரைக் காப்பாற்றியது அறிவு இல்லை, பழக்கம். புது ஓட்டல் பிடித்தால் அவர்கள் துணியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் அவர் விலை பேசியதே கிடையாது. பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க விடுதியில ஒரு நாள் தங்கிப் பார்த்துட்டுப் போடறேன்."

மேலாளர் ஓடி வந்தார். "ஆஃபர் இன்னைக்கு ஒரு நாள்தான் சார்" என்றார். "அப்போ பயணப் பையை மட்டும் குடுங்க" என்றார் இவர். உடனே ஆஃபருக்கு மூன்று நாள் ஆயுள் கூடியது. திங்கள் மதியம் போய் ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கலாம்; செவ்வாய் பன்னிரண்டு மணிக்குள் அங்கேயே கையெழுத்துப் போட்டால் போதும்.

மழைக்காலம். ஓட்டல்கள் ஈயாடும் நேரம். லாண்டரியும் ஒரு இயந்திரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அவரால் கிளம்ப முடிந்தது. மருமகனுக்கு வேலை. மகளும் பிள்ளைகளும் வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில்? இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே மாதிரி வயிற்று வலி.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் குளத்தைப் பார்க்க ஓடின. லாண்டரிக்காரர் படுக்கையைப் பார்க்க ஓடினார். விரிப்பை மூலையில் உருவி, ஓரத் தையலை நகத்தால் நெருடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வந்த இடத்துலயுமா?" என்றார் மனைவி.

"நல்ல துணிதான். கெட்டி நூல். அளவாத்தான் வெளுப்பு போட்டிருக்கான்."

"அதை விடுங்க. நான் படுக்கணும்." அந்த அம்மா காலை நீட்டிப் படுத்து, கையால் விரிப்பைத் தடவிப் பார்த்தார். "இதை நாளைக்கு நான் மடிக்க வேண்டாமில்ல?"

"வேண்டாம்."

"அப்போ கசங்கட்டும்" என்று ஒரு புரண்டு புரண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு லாண்டரிக்காரர் கட்டடத்தின் பின்பக்கம் போனார். யாரும் வழி சொல்லவில்லை. வெளுப்புத் தூள் வாசனை சொன்னது. அங்கே சலவைக் கூடம். முழங்கை வரை நனைந்த ஒரு அம்மா, துணி பிரிக்கிறவர்களை ஏவிக்கொண்டிருந்தார்.

"விருந்தாளிங்க இங்க வரக் கூடாது சார்."

"உருளைக்கு ஆவி பத்தாம ஓட்டறீங்க போல. அதான் விரிப்பு ஓரம் சுருட்டிக்குது."

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க விருந்தாளி இல்ல" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

ஒரு தொழில்காரருக்கும் இன்னொரு தொழில்காரருக்கும் நடுவில் கம்பெனி ரகசியம் எவ்வளவு நேரம் நிற்கும்? ரத்தக் கறைக்கு என்ன, எண்ணெய்க் கறைக்கு என்ன என்று பேசிக்கொண்டே அவர் மூட்டைகளை நோட்டமிட்டார். கோடு போட்ட பைகள் ஒரு குவியல். வெறும் வெள்ளைப் பைகள் நாலோ ஐந்தோ.

"ஏன் ரெண்டு தினுசு?"

"கோடு போட்டது பாயிண்ட் மெம்பருங்க ரூம் துணி. சலவைச் செலவு அவங்க பராமரிப்புப் பணத்துல போகும். வெள்ளைப் பை, காசு குடுத்துத் தங்கறவங்க துணி."

"இப்போ கோடு நிறைய இருக்கே?"

"இந்த மழையில காசு குடுத்து எவன் வருவான்? மெம்பருங்கதான் வருவாங்க."

"ஸ்கூல் லீவுல?"

அந்த அம்மா கையை உதறினார். "அப்போ வெள்ளைப் பை ஒரு நாளைக்கு இருபது வரும். கோடு ரெண்டு, மூணு. லீவுல மூணு மடங்கு வாடகைக்கு ஆள் நிக்கிறப்போ மெம்பருக்கு ரூம் விடுவானா? கேட்டா ஃபுல்லும்பான். பொய்யும் இல்ல. ஃபுல்லுதான்."

லாண்டரிக்காரர் எழுந்தார். வட்ட மேஜையில் மூன்றரை மணி நேரம் பேசாத உண்மையை அழுக்கு மூட்டை மூன்று நிமிஷத்தில் பேசிவிட்டது. ஊரில் உள்ள வக்கீல்களெல்லாம் ஒப்பந்தத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள்; பையை எண்ண ஒருத்தருக்கும் தோன்றாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளத்துக்கு வந்தார். மகள் கரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் தண்ணீரில்.

"கேட்டியாம்மா?" என்று ஆரம்பித்துப் பை விவகாரம் முழுவதையும் சொன்னார். "உங்க மாமனார் பெரிய படிப்பாளி. ஏமாந்திருக்காரு! பாயிண்ட்டாம் பாயிண்ட்!"

மகள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்பா" என்றாள். "மாமா நாலு வருஷமா மெம்பர். ரெண்டு தடவைதான் ரூம் கிடைச்சுது. அதுக்கே பதினோரு மாசம் முன்னாடி விடிகாலையில போனைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. மத்த ரெண்டு வருஷமும் கைக்காசு போட்டுத்தான் கூட்டிட்டுப் போனாரு. வெளியில சொல்ல வெக்கம். உங்களைச் சேர்த்து விட்டா அவருக்கு இந்த வருஷக் கட்டணத்துல பாதி தள்ளுபடி. அதையும் என்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாரு."

லாண்டரிக்காரருக்கு வாயெல்லாம் பல். சம்பந்தியின் குட்டு இவ்வளவு சுலபமாக உடையும் என்று அவர் நினைக்கவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. அவரு ஏமாந்தாரோ என்னவோ, பிள்ளைங்களோட தண்ணியில இறங்குனாரு. கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, கண்ணு தெரியாம, நாள் முழுக்க. நீங்க இதை வாங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? எங்களை வண்டி ஏத்தி விட்டுட்டு, 'சீசன் நேரம்மா, துணி குவிஞ்சிருக்கு'ன்னு லாண்டரிக்குப் போயிருப்பீங்க."

கட்டாயம் போயிருப்பார். அது அவருக்கே தெரியும்.

மேலே அறை மாடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "சரியாப் போட்டா என் மக!" என்று கத்தினார்.

அவர் போனை எடுத்தார். ஏரிக்கரையில் ஒரு லாட்ஜ் உண்டு. பதினான்கு வருஷமாக இவர்தான் துணி எடுக்கிறார். லீவில் நான்கு நாளைக்கு இரண்டு அறை சொன்னார். எந்த அறை மெத்தை நல்ல மெத்தை, எந்த விரிப்பு புதுசு என்று லாட்ஜ்காரனுக்கே அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அது சுலபமான வேலை.

அடுத்த போன்தான் கஷ்டம். ஆற்றுப் பக்கம் இன்னொரு லாண்டரிக்காரன் இருக்கிறான். இவருடைய ஓட்டல் ஒன்றைத் தட்டிப் பறித்தவன். ஏழு வருஷமாக எதிரில் வந்தால் இவர் வேறு பக்கம் பார்ப்பார்.

"லீவு மாசத்துல நாலு நாள் என் ஓட்டல் துணியை நீ எடுத்துக்கிறியா? அஞ்சாவது நாள் எனக்குத் திரும்பி வந்துடணும்."

அந்தப் பக்கத்திலிருந்து பயந்த குரலில், "அண்ணே, உடம்பு ஏதாவது சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல. லீவு."

"யாருக்குண்ணே?"

"எனக்குத்தான்யா!"

"அண்ணே, டாக்டர் என்ன சொல்றாரு?"

போனை வைத்துவிட்டார். எடுக்கிறேன் என்று அவன் பத்து நிமிஷம் கழித்துச் செய்தி அனுப்பினான். கூடவே ஒரு கும்பிடும் கை படம். ஒரு துணி மாறினாலும் தோலை உரிப்பேன் என்று பதில் போட்டபோதுதான் லாண்டரிக்காரருக்கு மனசு ஆறியது.

குளத்தில் இறங்க அரைக்கால் சட்டை கட்டாயம் என்று காவலாளி சொன்னான். விடுதிக் கடையில் பூப்போட்ட ஒன்றுதான் அவர் இடுப்புக்குக் கிடைத்தது. விலையோ முழுப் பேண்ட் விலை. காலைக் குறைத்தால் விலையைக் கூட்டுவது நாகரிகம் போலிருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு அவர் படி இறங்கினபோது மாடத்திலிருந்து வந்த சிரிப்பைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

"தாத்தா, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்றான் பேரன்.

"தண்ணியிலயே பொழைச்சவன்டா நான்."

"நீச்சல்?"

"தெரியாது."

"அப்போ கம்பியைப் பிடிச்சுக்குங்க. நான் சொல்லித் தர்றேன்."

பதினொன்றே முக்கால் மணிக்கு ஒரு இளைஞன் கழுத்துப் பட்டையும் கோப்புமாகக் கரைக்கு வந்தான். சனிக்கிழமை கூடத்தின் பாசம் இவனுக்கும் தொற்றியிருந்தது.

"அப்பா, ஆஃபர் முடிய இன்னும் கால் மணி நேரம்தான். மேலே வந்தீங்கன்னா ஒரே ஒரு கையெழுத்து..."

"வேண்டாம் தம்பி. எனக்குப் பாயிண்ட் வேண்டாம்."

"அப்பா, உங்க பேரப் பிள்ளைங்களுக்காக யோசிங்க. லீவுன்னா அவங்க எங்க போவாங்க?"

பேத்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பேரன் அவர் தோளில் இரண்டு காலையும் ஊன்றி, தலைமுடியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தான். லாண்டரிக்காரர் மூச்சைப் பிடித்துக் காலை அகட்டிக்கொண்டார்.

"என் தோள் மேல ஏறுவாங்க" என்றார். "தள்ளி நில்லு தம்பி. இவன் குதிக்கப் போறான். உன் கோப்பு நனையும்."